நடையா, ஜிம்மா, பட்மின்டனா? கொழும்பு வாழ்க்கைக்கேற்ற உடற்பயிற்சியைத் தெரிவு செய்தல்

வைத்தியர் மருந்துச் சிட்டையை நீட்டி, "கொஞ்சம் நடவுங்கோ" என்று சொன்ன பிறகுதான் நம்மவர்களில் பெரும்பாலானோர் உடற்பயிற்சியைப் பற்றி யோசிக்கத் தொடங்குகிறார்கள். அந்த யோசனையும் காலையில் எழுந்து நடப்பதா, ஜிம்மில் பணம் கட்டுவதா என்ற இரண்டு கிளைகளோடு நின்றுவிடுகிறது. இவற்றில் எது நல்லது என்று கேட்பவரிடம், எதற்கு நல்லது என்று திருப்பிக் கேட்கத்தான் வேண்டும். நிறை குறைய வேண்டுமா, சீனி கட்டுப்பட வேண்டுமா, லிஃப்ட் பழுதான நாளில் ஐந்தாம் மாடிக்கு நின்று நின்று ஏறாமல் போக வேண்டுமா, அல்லது ஆடிவேல் இரதத்தின் பின்னால் செட்டியார் தெருவிலிருந்து பம்பலப்பிட்டி வரை நடந்துவிட்டு மறுநாள் வழமைபோல வேலைக்கும் போகக்கூடிய உடம்பு வேண்டுமா? விருப்பம் மாறும்போது வழியும் மாறும். கொழும்பின் வெக்கை, வாகன நெரிசல், தொடர்மாடி வாழ்க்கை, நமது சாப்பாட்டு முறை ஆகியவற்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் ஒப்பீடு உருப்படியாக அமையும்.

ஒப்பிடுவதற்கு ஓர் அளவுகோல் வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டல், வளர்ந்தவர்கள் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடங்கள் மிதமான உடலுழைப்பில், அல்லது 75 முதல் 150 நிமிடங்கள் கடுமையான உடலுழைப்பில் ஈடுபட வேண்டும் என்கிறது. இந்தப் பகுதி ஓரளவு எல்லோருக்கும் தெரியும். அதே வழிகாட்டலில், வாரத்தில் குறைந்தது இரண்டு நாட்கள் உடலின் முக்கிய தசைகள் அனைத்துக்கும் வேலை கொடுக்கும் வலுப்பயிற்சியும் தேவை என்றும், 65 வயதைக் கடந்தவர்கள் வாரத்தில் மூன்று நாட்களாவது சமநிலைப் பயிற்சி செய்ய வேண்டும் என்றும் சொல்லப்பட்டிருப்பது மட்டும் வைத்தியரின் அறையிலிருந்து வீடுவரை வந்து சேர்வதில்லை. கொழும்பில் ஒழுங்காக நடப்பவர்கள் ஏராளம். ஒழுங்காக நடந்தும் முழங்கால் பிடித்துக்கொண்டு எழும்புகிறவர்களும் ஏராளம். என் கருத்தில் நமது தெரிவுகள் பிழைப்பது இந்த இடத்தில்தான்.

நடைப்பயிற்சியின் பலத்தைக் குறைத்துச் சொல்வதற்கில்லை. அதற்கு அங்கத்துவக் கட்டணம் இல்லை, பழக வேண்டிய நுட்பம் இல்லை, காயம்படும் வாய்ப்பு மிகக் குறைவு. சுதந்திர சதுக்கத்தையும் அதை ஒட்டிய ரேஸ்கோர்ஸ் பகுதியையும் காலை ஐந்தரைக்குப் பார்ப்பவர்களுக்கு, இந்த நகரம் நடக்காத நகரம் என்று சொல்ல வாய் வராது. விகாரமகாதேவிப் பூங்காவில் மர நிழல் உண்டு. பத்தரமுல்லை, கோட்டை ஜயவர்தனபுரப் பக்கத்தில் இருப்பவர்களுக்குத் தியவன்னா வாவியைச் சுற்றிய பாதைகளும் பெத்தகான ஈரநிலப் பூங்காவும் இருக்கின்றன. 2018இல் உலகின் முதலாவது ஈரநில நகரங்களுள் ஒன்றாகக் கொழும்பு, ஈரநிலப் பாதுகாப்புக்கான சர்வதேச உடன்படிக்கையான ராம்சாரின் அங்கீகாரம் பெற்றதற்கு இத்தகைய சதுப்பு நிலங்களே காரணம் என்பது நடக்கிறவர்களில் பலருக்குத் தெரியாது. வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி வாசிகளுக்கு மரைன் டிரைவ் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. கடற்காற்றும் கிடைக்கும், வாகனப் புகையும் கிடைக்கும். அதிகாலையில் புகை குறைவாக இருக்கும்.

ஆனால் நடை என்று நாம் செய்வதில் பாதி உலாத்தல். பேசக்கூடியதாகவும் பாட முடியாததாகவும் மூச்சு வாங்குகிற வேகமே மிதமான உடலுழைப்பு எனப்படுகிறது. அரசியலையும் காணி விலையையும் நீண்ட வாக்கியங்களில் அலசிக்கொண்டு போக முடிகிறதென்றால், மனதுக்கு நல்லது, இதயத்துக்குப் போதாது. நாளுக்கு 10,000 அடிகள் என்ற எண்ணைப் பிடித்துக்கொண்டு கைப்பேசியையே பார்த்தபடி நடப்பவர்களுக்கு ஓர் ஆறுதல்: அந்த எண் 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த அடி எண்ணும் கருவியொன்றின் விளம்பரத்தில் இருந்து பரவியது. வயதான பெண்களிடம் நடத்தப்பட்டு 2019இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், ஆயுள் சார்ந்த நன்மை நாளுக்குச் சுமார் 7,500 அடிகளோடு சமன்பட்டுவிடுவது தெரியவந்தது. நிறை குறைப்பதற்கு நடையை மட்டும் நம்புவதும் ஏமாற்றத்தில் முடியும். 70 கிலோ நிறையுள்ள ஒருவர் ஒரு மணி நேரம் விறுவிறுப்பாக நடந்தால் ஏறத்தாழ 300 கலோரி செலவாகும். நடந்து முடித்த கையோடு வாங்கும் ரோல்ஸும் பால் தேநீரும் அதில் பெரும்பங்கைத் திருப்பித் தந்துவிடும். சுதந்திர சதுக்கப் பக்கம் விற்கப்படும் இலைக்கஞ்சியோடு நிறுத்திக்கொள்கிறவர்கள் கெட்டிக்காரர்கள்.

நடை மற்ற எல்லாவற்றையும் முந்துகிற ஓர் இடம் உண்டு. சாப்பிட்ட பின் பத்து அல்லது பதினைந்து நிமிடங்கள் நடப்பது, உணவுக்குப் பின் குருதியில் ஏறும் சீனியைத் தணிக்கிறது. சோறு, புட்டு, இடியப்பம் என்று மூன்று வேளையும் மாச்சத்தை நம்பி வாழும் நமக்கு, அதிலும் இரவு எட்டரைக்குச் சாப்பிட்டு ஒன்பதுக்குத் தொலைக்காட்சிக்கு முன்னால் சாய்கிறவர்களுக்கு, காலை ஒரு மணி நேர நடையைவிட இரவுச் சாப்பாட்டுக்குப் பின்னான சிறுநடை கூடுதல் பயன் தரக்கூடும். மழை நாளில் தொடர்மாடியின் நடைவழியே இதற்குப் போதும்.

நேரமும் பாதுகாப்பும் நடையின் மறுபக்கம். கொழும்பில் ஆண்டு முழுவதும் பகல் வெப்பம் 30 பாகையை ஒட்டியே இருப்பதாலும், காற்றின் ஈரப்பதனால் வியர்வை ஆவியாகாமல் உடலிலேயே நிற்பதாலும், காலை ஏழரைக்குப் பின்னும் மாலை ஐந்துக்கு முன்னும் வேகமாக நடப்பது உடலை வீணாக வருத்தும். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றும், ஒக்டோபர், நவம்பரில் பிற்பகல் இடிமழையும் அட்டவணையைக் குலைக்கும். பெண்களுக்கு இன்னொரு கணக்கும் இருக்கிறது. ஆளுநர் ஹென்றி வார்ட் 1859இல் காலிமுகத்திடல் நடைபாதையை நிறைவு செய்தபோது, கொழும்பின் பெண்களினதும் குழந்தைகளினதும் நலனுக்காக அதைப் பேணுமாறு தமக்குப் பின் வருவோரைக் கேட்டுக் கல்லில் பொறித்து வைத்தார். கல் அங்கேயே நிற்கிறது. இருட்டோடு தனியே நடக்கும் பெண் தோளுக்குப் பின்னால் பார்த்துப் பார்த்து நடப்பதும் தொடர்கிறது. தெருநாய்களின் தொல்லை ஆண், பெண் பார்ப்பதில்லை. வெள்ளவத்தையில் கடற்கரைக்கு இறங்குகிறவர்கள் தண்டவாளத்தின் வழியே நடப்பதை அறவே தவிர்க்க வேண்டும்; அலையோசை ரயில் வரும் ஓசையை மூடிவிடும். நீரிழிவு உள்ளவர்கள் மணலில் வெறுங்காலோடு நடப்பதும் கூடாது. பாதத்தில் உணர்ச்சி குன்றியிருந்தால் கண்ணாடித் துண்டு குத்தியதே தெரியாமல் போகும்.

இனி வலுப்பயிற்சிக்கு வருவோம். முப்பதுகளுக்குப் பின் தசைத்திரள் பத்தாண்டுக்கு 3 முதல் 8 சதவீதம் வரை குறைந்துகொண்டு போகிறது. அறுபதைத் தாண்டியதும் இந்தத் தேய்வு வேகம் எடுக்கிறது. தசை வெறும் தோற்றப் பொலிவுக்கான பொருளல்ல. உண்ட உணவின் சீனியில் பெரும்பங்கை இழுத்துக்கொள்வது அதுதான். தெற்காசியர்களான நமக்கு இது கூடுதல் முக்கியம் பெறுகிறது. கையும் காலும் ஒல்லியாக, வயிறு மட்டும் முன்தள்ளிய தேகவாகு நம்மிடம் மிகச் சாதாரணம். மேலைநாட்டவரைவிடக் குறைந்த நிறையிலேயே நம்மவர்க்கு நீரிழிவு வந்துவிடுகிறது. ஆசிய மக்களுக்கு உடற்திணிவுச் சுட்டி (உயரத்துக்கேற்ற நிறையைக் காட்டும் BMI) 23ஐத் தொடும்போதே கவனம் தேவை என்று உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004இல் பரிந்துரைத்ததும் இதனால்தான். இப்படிப்பட்ட உடம்பு நடந்து நடந்து இன்னும் மெலிந்தால், கொழுப்போடு தசையும் சேர்ந்தே போகும்.

வலுப்பயிற்சியை ஜிம்மில் செய்வதா, வீட்டில் செய்வதா என்பது அடுத்த கேள்வி. ஜிம்மில் பாரத்தைச் சிறுகச் சிறுகக் கூட்டிக்கொண்டு போகலாம். வலுப்பயிற்சியின் சூட்சுமமே அதில்தான் இருக்கிறது. குளிரூட்டிய அறை என்பதால் மழையும் வெயிலும் தடையல்ல. தெரிந்த பயிற்றுநர் ஒருவர் முதுகு வளைவதைக் கண்டு திருத்துவார். பெண்களுக்கென்று தனி நேரமோ தனி இடமோ ஒதுக்கும் ஜிம்களும் நகரில் உண்டு. இவையெல்லாம் உண்மையான அனுகூலங்கள். ஆனால் வேலை முடிந்து வரும் மாலை ஆறரை மணிக்குப் போய்ப் பாருங்கள்: கால்களால் பாரம் தள்ளும் லெக் பிரஸ் கருவிக்கு முன்னால் மூன்று பேர் துவாயோடு காத்து நிற்பார்கள், கருவியில் இருப்பவர் கைப்பேசியில் செய்தி அனுப்பிக்கொண்டிருப்பார், பயிற்றுநர் ஒருவர் பத்துப் பேருக்கு ஒரே அட்டையை எழுதிக் கொடுத்திருப்பார். கட்டுபெத்தையிலோ மகரகமவிலோ வேலை முடித்து, காலி வீதி அல்லது ஹைலெவல் வீதி நெரிசலில் ஒரு மணி நேரம் சிக்கி வருகிறவருக்கு அந்தக் காத்திருப்பே கடைசித் துரும்பாகிவிடும். 2022இன் பொருளாதார நெருக்கடிக்குப் பின் எல்லாச் செலவும் எகிறியிருக்கும் நிலையில், ஓராண்டுக் கட்டணத்தை மொத்தமாகக் கட்டினால் கழிவு கிடைக்கும் என்ற ஆசைகாட்டலுக்கு மயங்கிவிடக் கூடாது. முதல் மூன்று மாதங்களுக்கு மாதக் கட்டணம், அதுவும் வீட்டுக்கோ அலுவலகத்துக்கோ நடந்து போகக்கூடிய தூரத்தில் உள்ள இடத்தில் என்பதே என் பரிந்துரை. பளபளப்பான ஜிம் தொலைவில் இருந்தால் அதைத் தொலைவிலேயே விட்டுவிடலாம்.

ஜிம்மில் சேர்ந்த கையோடு புரதத் தூள் வாங்கச் சொல்லி வற்புறுத்துவதும் நடக்கிறது. வலுப்பயிற்சி செய்பவருக்கு உடல் நிறையின் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 1.2 முதல் 1.6 கிராம் வரை புரதம் இருந்தால் போதும். ஒரு முட்டையில் ஏறத்தாழ 6 கிராம் இருக்கிறது. மீன், பருப்பு, கடலை, சோயா, தயிர் ஆகியவற்றைத் தட்டில் கூட்டி, சோற்றைக் கொஞ்சம் குறைத்தால் கணக்கு வந்துவிடும். சைவ வீடுகளில் பருப்பைக் கறியாக அல்லாமல் சோற்றுக்கு மேல் ஊற்றும் நீராகச் சமைக்கும் பழக்கம் மட்டும் மாற வேண்டும். சிறுநீரகப் பிரச்சினை உள்ளவர்கள் வைத்தியரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக் கூடாது.

வீட்டில் செய்யும் பயிற்சியைப் பலர் மட்டமாக எண்ணுகிறார்கள். சாப்பாட்டு மேசைக் கதிரை ஒன்றைச் சுவரோடு அணைத்து வையுங்கள். கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு, தொப்பென்று விழாமல் மெதுவாக இருந்து, கையூன்றாமல் எழும்புங்கள். பத்துத் தடவை செய்து, சற்று ஆறி, இன்னும் இரண்டு சுற்று. முழங்கால்கள் உள்நோக்கி மடியாமல் பாதத்தின் திசையிலேயே போகின்றனவா என்று கவனியுங்கள். இது இலகுவானதும் பள்ளிக்கூடப் பையில் அரிசிப் பொதியை வைத்து மார்போடு அணைத்துக்கொண்டு செய்யுங்கள். பிறகு கதிரையை எடுத்துவிடுங்கள். சுவரில் கையூன்றித் தள்ளுவது சில வாரங்களில் மேசை விளிம்புக்கும் பின்னர் தரைக்கும் இறங்கும். ஒரு ரப்பர் பட்டி வாங்கினால் முதுகுக்கான இழுப்புப் பயிற்சியும் கைகூடும். இருபத்தைந்து நிமிடங்களும் ஒரு பாய் விரிக்க இடமும் போதும். முதல் ஆறு, எட்டு வாரங்களில் ஏற்படும் வலு பெரும்பாலும் நரம்புகள் தசைகளை இயக்கக் கற்றுக்கொள்வதால் வருவது என்பதால், கண்ணாடியில் மாற்றம் தெரியும் முன்பே படிக்கட்டில் மாற்றம் தெரியும். வீட்டுப் பயிற்சியின் உண்மையான குறை, கேட்க ஆளில்லை என்பதுதான். பிள்ளையின் பாடம், விருந்தினர், மின்வெட்டு என்று எந்தச் சாட்டும் செல்லுபடியாகும். கட்டுப்பாடு தமக்கு இயல்பில் வராது என்று தெரிந்தவர்கள் ஜிம்மின் கட்டணத்தை அந்தக் கட்டுப்பாட்டின் விலையாகக் கொள்ளலாம். அது நியாயமான செலவே.

மனநிறைவு என்ற அளவில் பார்த்தால் நடையும் ஜிம்மும் விளையாட்டிடம் தோற்றுவிடுகின்றன என்பது என் துணிபு. டென்மார்க்கின் கோப்பன்ஹேகன் நகரில் சுமார் 8,500 பேரை 25 ஆண்டுகள் வரை பின்தொடர்ந்து 2018இல் வெளியான ஆய்வொன்று, உடலுழைப்பே இல்லாதவர்களோடு ஒப்பிடுகையில் டென்னிஸ் ஆடுபவர்களின் ஆயுள் 9.7 ஆண்டுகளும், பட்மின்டன் ஆடுபவர்களுடையது 6.2 ஆண்டுகளும், மெல்லோட்டம் ஓடுபவர்களுடையது 3.2 ஆண்டுகளும், ஜிம்முக்குப் போகிறவர்களுடையது 1.5 ஆண்டுகளும் கூடியிருந்ததைக் காட்டியது. டென்னிஸ் ஆடுபவர் வசதி படைத்தவராகவும் இருப்பார் என்பதால் இந்த எண்களை அப்படியே விழுங்கிவிட முடியாது. ஆயினும் வரிசை சிந்திக்க வைக்கிறது: கூட ஆட ஓர் ஆள் வேண்டிய விளையாட்டுகளே முன்னணியில் நிற்கின்றன. கொழும்பில் பட்மின்டன் உள்ளரங்குகளை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்து நான்கு பேர் பகிர்ந்துகொள்ளும்போது செலவு தாங்கக்கூடியதாகவே இருக்கிறது. பழைய மாணவர் சங்கங்களும் அலுவலகக் குழுக்களும் ஏற்கனவே ஆடிக்கொண்டிருக்கின்றன. ஒரு தொலைபேசி அழைப்பில் இடம் கிடைக்கும். வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் மலையகத்திலிருந்தும் வேலைக்காக வந்து, பக்கத்து வீட்டுக்காரரின் பெயர்கூடத் தெரியாமல் வாழும் ஒருவருக்கு, செவ்வாயும் வியாழனும் தன்னை எதிர்பார்த்து மூன்று பேர் காத்திருப்பது எந்த மருந்துச் சிட்டையிலும் இல்லாத ஒன்று. ஆனால் பதினெட்டு வயதில் ஆடிய நினைவோடு நாற்பத்தைந்தில் களமிறங்கிக் குதிகால் நாணை அறுத்துக்கொண்டவர்கள் பலர். கதிரைப் பயிற்சியை இரண்டு மாதம் செய்துவிட்டு மட்டையைத் தூக்குவது புத்திசாலித்தனம்.

நீச்சல் மூட்டுவலிக்காரருக்கும் அதிக நிறையுள்ளவருக்கும் முதல் தெரிவாக இருக்கத் தகுந்தது; நீர் உடலைத் தாங்குவதால் முழங்காலுக்குச் சுமையில்லை. சுகததாச விளையாட்டரங்கத் தொகுதியிலும் சில பாடசாலைகளிலும் கழகங்களிலும் தடாகங்கள் உள்ளன. 1971இல் பாக்குநீரிணையை ஒரே மூச்சில் இந்தியாவுக்கும் திரும்பவும் நீந்திக் கடந்த வல்வெட்டித்துறை ஆனந்தனைப் பற்றிப் பெருமை பேசும் நம்மில் எத்தனை பேருக்கு இருபது மீற்றர் நீந்தத் தெரியும் என்பது தனிக்கதை. வெள்ளவத்தைக் கடலில் பழகிக்கொள்ளலாம் என்று மட்டும் எண்ண வேண்டாம். பருவக்காற்றுக் காலத்தில் அந்தக் கடல் நன்றாக நீந்தத் தெரிந்தவர்களையே இழுத்துவிடும். நீச்சலால் எலும்புக்குப் பாரம் கிடைப்பதில்லை என்பதையும் மாதவிடாய் நின்ற பெண்கள் கருத்தில் கொள்ள வேண்டும். யோகாசனம் நாரிப்பிடிப்புக்கும் சமநிலைக்கும் தூக்கத்துக்கும் நல்லது. சுவாமி விவேகானந்தர் கலாசார நிலையத்தில் வகுப்புகள் நடைபெறுகின்றன. ஆனால் அமைதியாக இருந்து செய்யும் ஆசனங்கள் இதயத்துக்கான 150 நிமிடங்களுக்கு ஈடாகா. சைக்கிளைப் பொறுத்தவரை, 2022இல் எரிபொருள் வரிசைகளின்போது பலர் வாங்கினார்கள். பஸ்களுக்கு நடுவே தனிப்பாதையில்லாத வீதியில் ஓட்டுவதை நான் ஞாயிறு அதிகாலைக்கு மட்டுமே சிபாரிசு செய்வேன்.

ஆக, யாருக்கு எது? இருபதுகளின் முடிவில், நாள் முழுதும் கணினிக்கு முன்னால் இருந்து வேலை செய்யும் இளைஞருக்கு வாரத்தில் இரண்டு நாள் ஜிம்மும் ஒரு நாள் விளையாட்டும் பொருந்தும். நடையை அலுவலகப் பயணத்திலேயே சேர்த்துக்கொள்ளலாம். வேலையும் சமையலும் பிள்ளைகளின் டியூஷனும் நெருக்கும் பெண்ணுக்கு ஐந்து மணிக்கு எழுந்து சதுக்கத்துக்குப் போகச் சொல்வது அறிவுரையல்ல, தண்டனை. அவருக்கு வீட்டிலேயே இருபத்தைந்து நிமிட வலுப்பயிற்சி இரண்டு தடவையும், பிள்ளை வகுப்பில் இருக்கும் ஒரு மணி நேரத்தில் வாசலில் காத்திருப்பதற்குப் பதிலாக விறுவிறு நடையும் போதும். அந்த நேரத்தை வீட்டிலுள்ள மற்றவர்கள் அவருக்கு விட்டுக்கொடுத்தால் மட்டுமே இது நடக்கும் என்பதையும் சொல்லியாக வேண்டும். ஐம்பதைத் தாண்டி, சீனியும் பிரஷரும் உள்ளவர் சாப்பாட்டுக்குப் பின்னான சிறுநடையில் தொடங்கி, ஒரு மாதத்தின் பின் வலுப்பயிற்சியைச் சேர்க்கலாம். பாரம் தூக்கும்போது மூச்சை அடக்கக் கூடாது. இன்சுலின் போடுகிறவர்கள் பையில் இனிப்பு வைத்திருக்க வேண்டும். நெஞ்சில் இறுக்கமோ தலைச்சுற்றோ வந்தால் உடனே நிறுத்திவிட்டு வைத்தியரிடம் போக வேண்டும்.

பிள்ளைகளோடு வந்து தொடர்மாடியில் குடியேறிய அம்மா, அப்பாமாரின் நிலை வேறு. ஊரில் கிணற்றில் தண்ணீர் அள்ளி, முற்றம் கூட்டி, கோயிலுக்கு நடந்து போனவர்கள் இங்கே நாலாம் மாடிக் கதிரையில் நாளைக் கழிக்கிறார்கள். ஓராண்டுக்குள் கால் தளர்ந்துவிடுகிறது, அதை வயதின் மேல் போட்டுவிடுகிறோம். இவர்களுக்கு நடையைவிடச் சமநிலையும் கால் வலுவும் முந்தியவை. சமையலறை மேடையைப் பிடித்தபடி குதிகால் தூக்கி நிற்பது, ஒற்றைக் காலில் பத்து எண்ணும்வரை நிற்பது, கதிரையில் இருந்து எழும்புவது ஆகிய மூன்றையும் வாரத்தில் மூன்று நாள் செய்யலாம். முதல் மாதம் யாராவது பக்கத்தில் நிற்க வேண்டும். தொடங்கும் முன், வழுக்கும் சிறு கம்பளங்களை எடுத்துவிட்டு, குளியலறைச் சுவரில் கைப்பிடி ஒன்றைப் பொருத்திவிடுங்கள்.